சீனர் உரையாடலிற் பேச்சு முறை மாறுமாறு

ஒரு கூட்டத்திலே யார் எப்பொழுது பேசுவது என்று தலைவர் முறை வகுத்துக் கொடுப்பார். பெய்ஜிங் நகரத்துத் தேநீர்ச்சாலையில் அளவளாவியிருக்கும் நண்பர் இருவருக்கு அத்தகைய தலைவர் எவருமில்லை. எனினும் ஒருவர் நிறுத்தியதும் மற்றவர் தொடங்குகின்றார். இஃது எங்ஙனம் நிகழ்கின்றது?

1974ஆம் ஆண்டிலே சாக்ஸ், செக்லொஃப், ஜெஃபர்சன் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் ஆங்கில உரையாடல்களை ஆராய்ந்து ஒரு விடை கூறினர். பேசுபவர் அடுத்தவரைக் குறிப்பிட்டு அழைக்கலாம். அழையாவிடின் பிறர் எவரும் தொடங்கலாம். எவரும் தொடங்காவிடின் அவரே தொடரலாம் என்பது அவர்தம் முடிபு. பத்து மொழிகளை ஒப்புநோக்கி 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆம் அல்லது இல்லை என்னும் விடையை வேண்டும் வினாவுக்கும் அதன் விடைக்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக விநாடியின் ஐந்திலொரு பங்கே எனக் காட்டியது. வாய்திறக்க ஆயத்தமாவதற்கே அதனினும் மிகுந்த நேரம் வேண்டும். ஆதலின், பேச்சு முடியுமுன்னரே கேட்பவர் அதன் முடிவை ஊகித்துவிடுகின்றார் என்றே கொள்ளல் வேண்டும்.

அப்பத்து மொழிகளுள் சீனம் இடம்பெறவில்லை. ஆயினும் மாண்டரின் எனப்படும் பொதுச் சீனம் இவ்வகையிற் சிறப்பாக நோக்கத்தக்கது. அம்மொழியிற் குரலின் ஏற்ற இறக்கமே சொல்லின் பொருளை வேறுபடுத்தும். 'மா' என்பது ஓரிசையில் தாய், மற்றோரிசையில் குதிரை. குரலுக்கு இவ்வளவு பளு இருத்தலால், வாக்கியத்தின் இறுதியில் வரும் சிற்றிடைச்சொற்கள் பெருந்துணை புரிகின்றன. தனக்கென இசையற்ற 'மா' ஈற்றில் வந்தால் அது வினா; நம் மொழியின் வினா ஆகாரம் போன்றது. 'பா' வந்தால் உடன்பாட்டை வேண்டுதல். 'நான் நலம், நீ நெ?' என்றால் முறை எதிரிலிருப்பவர் கைக்கு வந்துவிட்டது. (அங்கும் 'நீ' முன்னிலைச் சொல்லே, தற்செயலான ஒற்றுமைதான்.)

இரட்டை இணைப்புச் சொற்கள் இன்னும் சுவையானவை. 'சுவெய்ரான்' என ஒருவர் தொடங்கினால், அது 'எனினும்' என்ற பொருளுடைய 'தான்ஷி'யை நோக்கிச் செல்லும். முதற் பகுதி முடிந்து அவர் மூச்சுவிடும்போது, அறிந்த கேட்போர் குறுக்கிடார், மறுபாதி வரவேண்டியிருக்கின்றதன்றோ? எண்ணம் தடுமாறும் வேளையில் 'நா-க', அதாவது 'அந்த' என்னும் சொல்லை இழுத்துச் சொல்லி முறையைத் தம்மிடமே வைத்துக்கொள்வாருமுளர்.

கேட்பவர் இடையிடையே 'உம்' கொட்டுதலிலேதான் பெரும் வேற்றுமை உண்டு. 1996இல் கிளான்சி, தாம்சன், சுசுகி, தாவ் என்போர் ஆங்கிலம், ஜப்பானியம், மாண்டரின் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். ஜப்பானியர் பேச்சின் நடுவிலேயே அடிக்கடி ஒலி எழுப்பினர். சீனரோ மிகக் குறைவாகவே, அதுவும் பெரும்பாலும் வாக்கியம் முடியுமிடத்திலே, 'துவெய்' (சரி) போன்றன கூறினர். இங்கேதான் பிழையான எண்ணத்துக்கு இடமுண்டு. இடையறாத 'உம்' கேட்டுப் பழகிய ஒருவர், அமைதியாயிருக்கும் சீனரைக் கண்டு, இவர் நம்மை மதிக்கவில்லை என எண்ணிவிடக்கூடும். வாணிகப் பேச்சிலும் மருத்துவரிடத்தும் அவ்வெண்ணம் காரியத்தையே கெடுத்துவிடலாம். சீனர்க்கோ, பேசுபவரை முடிக்கவிடுதலே கேட்கும் முறையாகும்.

தொலைபேசியிலோ முகக்குறிப்புக்கு இடமில்லை. மறுமுனையில் அமைதி நீண்டுவிட்டால், பேசுபவர் தம் கதையை நிறுத்தி, குரலை உயர்த்தி, 'வெய்?' என்று கேட்பார், 'இருக்கின்றீரா?' என்பது அதன் கருத்து.