சோதனைக்கு அஞ்சாத பட்டு

ஆரணியில் பட்டுப் புடவை வாங்கச் செல்லும் அனுபவமுள்ள பெரியவர்கள் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. புடவையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவார்கள். அசல் பட்டாயின் முடி கருகுவது போன்ற வாடை எழும். எஞ்சிய சாம்பல் விரல் பட்டதும் பொடியாகும். செயற்கை இழையாயின் உருகி உருண்டு கட்டியாகிவிடும். சரிகையையும் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவந்த பட்டு நூல் தெரிந்தால் அவர்கள் முகம் மலரும். நல்ல சரக்கு வைத்திருக்கும் வியாபாரி இதைக் கண்டு கோபங்கொள்வதில்லை. “நன்றாகப் பாருங்கள்” என்று அவரே இழையை உருவிக் கொடுப்பார். போலிச் சரக்கு விற்பவர்தாம் பதறுவார்.

பட்டு இழைக்கு நாம் அளிக்கும் இவ்வுரிமையை நம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு அளிக்கிறோமா?

கல்லூரியில் பயிலும் மகன் விடுமுறைக்கு வீடு வருகிறான். ஞாயிறு காலை திருப்பலிக்குப் புறப்படும் வேளையில், “அம்மா, இயேசு உண்மையாகவே உயிர்த்தெழுந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கிறான். தாய் திடுக்கிடுகிறாள். “இப்படியெல்லாம் கேட்கக் கூடாதடா, பாவம்!” என்கிறாள். தந்தையோ, “படிப்பு அதிகமாகிவிட்டது” என்று முணுமுணுக்கிறார். மகன் மௌனமாகிறான். அடுத்த விடுமுறையில் அவன் கேள்வி கேட்பதில்லை, கோயிலுக்கும் வருவதில்லை. பெற்றோர் அவன் கெட்ட நண்பர்களைக் குறை கூறுகின்றனர். அவன் கேட்டபோது தாங்கள் கதவை அடைத்ததை எண்ணிப் பார்ப்பதில்லை.

அன்பு வாசகர்களே, கேள்வி கேட்பது பாவமன்று. கேட்பதற்குச் செவி கொடாத வீட்டில்தான் விசுவாசம் மெல்ல மெல்ல மடிகிறது.

திருச்சபையின் போதனையும் இதுவே. 1870-ஆம் ஆண்டு முதலாம் வத்திக்கான் சங்கம், படைப்புகளின் வழியாகக் கடவுள் இருப்பதை மனித அறிவு தன் இயல்பான ஒளியாலேயே அறியக் கூடும் என்று அறிவித்தது. 1998-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், விசுவாசமும் பகுத்தறிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை விளக்கவே ஒரு சுற்றுமடல் எழுதினார். நம்முள் இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்க்குப் பணிவோடு விடையளிக்க ஆயத்தமாயிருக்கும்படி புனித இராயப்பர் தம் முதல் திருமுகத்தில் பணிக்கிறார். ஆக, காரணம் கூற அறிந்திருப்பது குருக்களுக்கு மட்டும் உரிய வேலையன்று. ஒவ்வொரு குடும்பத்தின் கடமை.

அப்படியானால் அந்த மகனுக்கு என்ன விடை கூறலாம்?

இயேசு கற்பனைப் பாத்திரமல்லர் என்பதிலிருந்து தொடங்கலாம். கிறிஸ்தவர்கள்மீது சிறிதும் பரிவில்லாத தாசித்து என்னும் உரோமை வரலாற்றாசிரியர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்து திபேரியு மன்னன் காலத்தில் போஞ்சு பிலாத்துவினால் கொல்லப்பட்டதைக் குறித்து வைத்திருக்கிறார்.

அடுத்து உயிர்ப்பு. புனித சின்னப்பர் கொரிந்தியர்க்கு முதல் திருமுகத்தை எழுதியபோது இயேசு இறந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளே கழிந்திருந்தன. உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர்களின் பட்டியலை அதில் தருகிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் கண்டனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கின்றனர் என்றும் எழுதுகிறார். “வேண்டுமாயின் போய்க் கேளுங்கள்” என்று சொல்லாமற் சொல்வது போன்றது அது. புளுகுபவன் உயிருள்ள சாட்சிகளைச் சுட்டிக் காட்டுவானா?

இன்னொன்றும் உண்டு. நான்கு நற்செய்திகளும் வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்கின்றன. பெண்களின் சாட்சியம் அதிகம் மதிக்கப்படாத சமுதாயம் அது. கதை கட்ட எண்ணியிருந்தால் மதிப்புள்ள ஆண்களையன்றோ கல்லறைக்கு அனுப்பியிருப்பார்கள்? நடந்தது அவ்வாறு நடந்தது. ஆகையால் அவ்வாறே எழுதினார்கள்.

ஆண்டவரை மறுதலித்துக் கோழி கூவக் கேட்டு அழுத இராயப்பர், பின்னர் அவருக்காகவே உயிர் கொடுத்தார். பொய்யான கொள்கைக்காகவும் மனிதர் இறப்பதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் அதை மெய்யென்று நம்பி இறக்கிறார்கள். தாமே புனைந்த பொய்யைப் பொய்யென்று அறிந்தும் அதற்காகச் சாவை ஏற்பவர் யார்?

இக்காரணங்கள் கணக்கு வாய்ப்பாட்டைப் போல எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவை வாசல் வரை அழைத்துச் செல்லும். வாசலைக் கடப்பதற்கு இறையருளும் நம் முழு மனமும் தேவை. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறோம். சோதித்துப் பார்த்த பட்டிழையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தால் அது புடவையாகாது. பாவு பூட்டித் தறிக்குழியில் கால் வைத்து உட்கார வேண்டும். நாள்தோறும் நாடா ஓட வேண்டும். பாதியில் விட்ட தறியிலிருந்து எவரும் உடுத்துவதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

ஆராய்ந்து அறிந்து, பின்பு அனைத்தையும் கையளித்த ஒருவர் நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறார். அவர் குருவோ துறவியோ அல்லர். நம்மைப் போன்ற குடும்பத்தலைவர். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் பணிபுரிந்தார். கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன, செல்வம் கரைந்தது. அவ்வேளையில் அவருக்கு நண்பரானவர், 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சியளித்த தெலனாய் என்னும் கத்தோலிக்கத் தளபதி. மனம் நொந்திருந்த நண்பருக்கு அவர் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார்.

யோபு ஆகமம் துன்பத்துக்கு எளிதான விடை தருவதன்று. நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இத்தண்டனை என்று ஆயத்த விடை கூறிய நண்பர்களையே இறுதியில் கடவுள் கடிந்துகொள்கிறார். ஏன், ஏன் என்று கேட்டுக் கதறிய யோபுவை ஏற்றுக்கொள்கிறார். நேர்மையான கேள்வியைக் கடவுள் வெறுப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் கூறுவது? பயிரையும் மாட்டையும் இழந்து நின்றவர் தம் கதையையே அதில் கண்டிருப்பார் என்பதில் வியப்பில்லை.

மறை உண்மைகளைக் கற்று, 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவியும் திருமறையைத் தழுவி ஞானப்பூ என்னும் பெயர் பெற்றார். அதன்பின் அவர் விசுவாசத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. சாதி வேற்றுமையின்றி மாந்தர் அனைவரும் சமம் என்று வலியுறுத்தினார். இதுவே பலருடைய பகையைத் தேடித் தந்தது என்று திருச்சபை வெளியிட்ட அவர்தம் வரலாறு கூறுகிறது. 1749-இல் கைது செய்யப்பட்டார். மூன்று ஆண்டுகள் சிறையும் வதையும் அனுபவித்தார். விசுவாசத்தை விட்டுவிட மறுத்தார். 1752 ஜனவரி 14-ஆம் நாள், நாற்பது வயது நிரம்புமுன்னரே, ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தார்.

அரண்மனைப் பதவியும் உயிரும் போகும் என்று அறிந்தும் அவர் நிலைத்து நின்றது எதனால்? வெறும் உணர்ச்சி வேகம் மூன்றாண்டுச் சிறையைத் தாங்காது. அறிவு ஏற்றதை உள்ளம் பற்றிக்கொண்டது. உள்ளம் பற்றியதை வாழ்வு மெய்ப்பித்தது.

நம் நிலை வேறு. ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டில் உயர்ந்து நிற்கும் லூர்து அன்னை ஆலயத்தைக் காணும்போதெல்லாம், இப்பகுதியில் மறையை விதைத்த தராஸ் அடிகளார் போன்றோரின் உழைப்பும், அன்று ஞானஸ்நானம் பெற்ற நம் பாட்டன் பூட்டனாரும் நினைவுக்கு வருகின்றனர். விசுவாசம் நமக்குப் பிறப்பிலேயே கிடைத்தது. ஆனால் தறியைப் பாட்டனார் வைத்துவிட்டுப் போகலாம். நெய்யும் கைத்திறனை அவர் வைத்துவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் உட்கார்ந்து கற்றாக வேண்டும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை கேட்கும்போது வாயை அடைக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிடில், “எனக்கும் தெரியவில்லை, வா, பங்குத் தந்தையிடம் இருவரும் கேட்போம்” என்று கூறுங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறையாது. இரவு செபத்தின்போது நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்துக் கால் மணி நேரம் பேசுங்கள்.

அதனுடன் இன்னொன்றையும் மறவாதீர்கள். பிள்ளைகள் நம் காரணங்களைவிட நம் வாழ்வைக் கூர்ந்து நோக்குகின்றனர். பீடத்தின்முன் ஒரே அப்பத்தை உண்டுவிட்டுக் கல்லறையில் சாதி பார்ப்போமாயின், நெசவாளியின் கூலியைக் குறைத்துவிட்டுக் காணிக்கைப் பெட்டியில் தாராளம் காட்டுவோமாயின், வரதட்சணை பேசி முடித்துத் திருமண அருட்சாதனத்துக்கு நாள் குறிப்போமாயின், நாம் கூறும் ஆயிரம் ஆதாரங்களும் அவர்கள் கண்முன் உருகிக் கட்டியாகிப்போகும். செயற்கை இழையைப் போல.

மயிலாப்பூரில் அடக்கமானவர் என்று நாம் போற்றும் தோமையாரும் தொட்டுப் பார்க்கக் கேட்டவரே. ஆண்டவர் அவரை விரட்டவில்லை. தம் காயங்களைக் காட்டினார். கண்டவுடன் தோமையார் விசுவசித்தார். மேலும் காலந்தாழ்த்தவில்லை.

உங்கள் மகன் மீண்டும் ஒருநாள் கேட்கக்கூடும். அப்போது இழையை நீங்களே உருவி அவன் கையில் கொடுங்கள். நம் பட்டு அசல் பட்டு. தீக்கு அஞ்ச வேண்டியதில்லை.