மறுநாள் கேட்க வேண்டிய கேள்வி

2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை இலங்கையெங்கும் பரவிக்கொண்டிருந்த வேளையில், கூட்டம் கூடுதல் ஆகாது என்று சுகாதாரத் துறையினர் ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தபோதே, கேகாலை மாவட்டத்து ஹெட்டிமுல்ல என்னும் கிராமத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் ஒரு போத்தல் பாணிக்காக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தேனும் சாதிக்காயும் சேர்ந்த அந்தப் பாணியின் செய்முறையைக் காளி தேவியே தமக்கு அருளினாள் என்றும், அதைப் பருகியவரை அந்நோய் ஆயுள் முழுவதும் அணுகாது என்றும் தம்மிக்க பண்டார என்பவர் அறிவித்திருந்தார். நாட்டின் சுகாதார அமைச்சராயிருந்த பவித்ரா வன்னியாராச்சி பலர் காண அதை வாங்கிப் பருகினார். மறுமாதமே, 2021 ஜனவரியில், அமைச்சருக்கும் தொற்று உறுதியாயிற்று.

இதைத் தெற்கிலே நடந்த ஒரு விநோதமென்று யாழ்ப்பாணத்தார் ஒதுக்கிவிட நியாயமில்லை. அதே மாதங்களில் நமது கைத்தொலைபேசிகளில் வந்து குவிந்த செய்திகளை நினைத்துப் பார்ப்போமாக. உள்ளியைத் தட்டி வெந்நீரில் இட்டுக் குடித்தால் கிருமி சாகும் என்றும், ஆவி பிடித்தால் நெஞ்சுக்குள் இருக்கும் கிருமி வெந்துபோகும் என்றும், கோப்பாயில் இருக்கும் தாய்க்கு ரொறன்ரோவில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்ப, தாய் அதை இலண்டனில் இருக்கும் தன் தங்கைக்கு அனுப்ப, பாசத்தோடு வந்த காரணத்தினாலேயே அச்செய்தி ஆராயப்படாமல் கைமாறிற்று. பொய்யென்று தெரிந்தே இவற்றை அனுப்புகிறவர்கள் அரியர். அன்பினால் அனுப்புகிறவர்களே அநேகர் என்பது என் அபிப்பிராயம். மல்லிக் கஷாயம் தொண்டைக்கு இதமளிக்கும் என்பது நம் பாட்டிமார் கண்ட அனுபவம். அது வைரசைக் கொல்லும் என்பதோ தனியே நிரூபிக்கப்பட வேண்டிய வேறொரு கூற்று. முன்னதற்குரிய நம்பிக்கையைப் பின்னதற்குக் கடனாக வாங்கிக்கொண்டுதான் இத்தகைய செய்திகள் பிழைக்கின்றன.

விஞ்ஞானத்தின் ஆடையை உடுத்துக்கொண்டு வரும் பொய், கைத்தொலைபேசியில் மட்டுமன்றி அரசாங்க வர்த்தமானியிலும் இடம்பிடிக்கக்கூடும். 2020 ஏப்ரலில், தொற்றினால் இறந்தோர் அனைவரது உடல்களும் தகனம் செய்யப்பட வேண்டும் என்று கட்டளை பிறந்தது. புதைத்தால் கிருமி நிலத்தடி நீரிற் கலந்து பரவும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அடக்கஞ் செய்வதானாலும் தகனஞ் செய்வதானாலும் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. வைரசு உயிருள்ள கலத்தினுள்ளேயன்றிப் பெருகமாட்டாது. இந்நோயோ மூச்சுக்காற்றின் வழியே தொற்றுவது. இருந்தும் 200க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களின் உடல்கள், அவர்களுடைய மார்க்கத்துக்கு மாறாக, உறவினரின் கண்ணீரைப் பொருட்படுத்தாமல் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளேயான ஒரு பச்சைக் குழந்தையின் உடலும் அவற்றுள் ஒன்று. 2021 பெப்ரவரி இறுதியில்தான் கட்டளை மாற்றப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த உடலுக்கு அம்மன்னிப்பினால் என்ன பிரயோசனம்?

நிலத்தடி நீரைப் பற்றிய அச்சம் என்பதனால், கிணற்றையே நம்பி வாழும் குடாநாட்டார் இதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நமக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மழைநீர் செம்மண்ணின் ஊடே இறங்கி, வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லினுள் தேங்கி நிற்க, அதைத்தான் நாம் துலாவினாலும் பம்பியினாலும் இறைத்துக் குடிக்கிறோம். மேலே இட்டது எதுவோ அது விரைவில் கீழே போய்ச் சேரும் இந்நிலத்தில், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடப்படும் யூரியாவும், வீட்டுக்கு வீடு வெட்டப்பட்ட மலசலகூடக் குழிகளின் கசிவும் சேர்ந்து, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவை உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே உயர்த்தியிருக்கின்றன என்று 1980களிலிருந்தே ஆராய்ச்சியாளர் எழுதி வருகிறார்கள். அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் சிசுவின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும். இந்த மெய்யான ஆபத்தைப் பற்றிய செய்தி எத்தனை குடும்பக் குழுக்களில் சுற்றியது? இல்லாத விஷத்துக்கு அஞ்சி நாடே கலங்கியபோது, இருக்கின்ற விஷம் கிணற்றடியில் ஓசையின்றிக் கிடந்தது.

இனி, குடாநாட்டின் தலைக்கு மேலேயே நிகழ்ந்த ஒரு சம்பவத்துக்கு வருவோம். 2019 டிசெம்பர் 26, வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணியளவில், யாழ்ப்பாணத்து வானத்தில் கங்கண சூரிய கிரகணம் தோன்றிற்று. 2010 ஜனவரி 15இல் ஒருமுறை கண்ட அக்காட்சி, பத்தாண்டுக்குள் மறுபடியும் நம் முற்றத்துக்கு வந்ததென்றால், அது எத்துணை பாக்கியம்! ஆயினும் அன்றைய தினம் தமிழ்நாட்டிலும் இங்கும் கைத்தொலைபேசிகளில் விரைந்து திரிந்த படங்களில் முக்கியமானவை சூரியனுடையவை அல்ல. தாம்பாளத்தில் நீர் வார்த்து அதன் நடுவே செங்குத்தாக நிறுத்தப்பட்ட உலக்கையினுடையவை. கிரகண வேளையில் மட்டுமே உலக்கை தானாக நிற்கும், கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்பது அவற்றோடு வந்த வாசகம்.

உலக்கையை எடுத்துப் பாருங்கள். அடியிலே இரும்புப் பூண் இறுகி, நுனி தட்டையாகத் தேய்ந்திருக்கும். அதன் புவியீர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக விழும் கோடு அந்தத் தட்டையான அடிக்குள்ளே விழும் வரையில் உலக்கை நிற்கும். வெளியே போனால் விழும். கை நடுங்காமல், பொறுமையோடு நிறுத்தினால், வெள்ளிக்கிழமையும் நிற்கும், சங்கராந்தியிலும் நிற்கும். சூரியனும் சந்திரனும் ஒரே திசையிலிருந்து இழுப்பதுதான் காரணமென்றால், அவ்விழுப்பு ஒவ்வோர் அமாவாசையிலும் ஏறக்குறைய அதே அளவில் உண்டு. அமாவாசையன்று பெருகும் கடலைப் பருத்தித்துறைக் கடற்றொழிலாளர் மாதந்தோறும் காண்கிறார்கள். ஆகவே மாதம் ஒருமுறை ஊரிலுள்ள உலக்கைகள் எல்லாம் எழுந்து நிற்க வேண்டுமல்லவா? புவியீர்ப்பு மையம் என்னவென்று க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த மாணவர் ஒவ்வொருவரும் கணக்குச் செய்து புள்ளி பெற்றிருக்கிறார்கள். அப்படிப் படித்த பட்டதாரிகளே உலக்கைப் படத்தை மற்றவருக்கு அனுப்பினார்கள் என்பதைக் காணும்போது, நமது கல்வி பரீட்சை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடுகிறதோ என்று நெஞ்சு வருந்துகிறது. டிசெம்பர் 27ஆந் திகதி ஒருவராவது உலக்கையை மீண்டும் நிறுத்திப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

அக்கிரகணத்தின் கதை அதனோடு முடியவில்லை. அந்நிகழ்வின்போது வெளிப்பட்ட சக்தியினால் வளிமண்டலத்தின் மேலடுக்கிலே உண்டான மாறுதல்தான் கொரோனாவைப் பிறப்பித்தது என்றும், 2020 ஜூன் 21இல் வரும் சூரிய கிரகணத்தோடு அது வலுவிழக்கும் என்றும் சென்னையிலிருந்து ஒருவர் விஞ்ஞானி என்ற பெயரோடு சொல்ல, செய்தித்தளங்கள் அதை உலகெங்கும் பரப்பின. ஜூன் 21 வந்தது, போயிற்று. இந்தியாவில் தொற்றின் முதல் அலை செப்டெம்பரில் உச்சம் தொட்டது. இலங்கையில் இரண்டாம் அலை ஒக்டோபரில் மினுவாங்கொடையில் எழுந்தது. முன்னறிவித்தல் பொய்த்தது என்று அதே வேகத்தில் பரவிய செய்தி எதையும் நான் காணவில்லை. பிழையான கருத்து தோன்றுவதில் ஆச்சரியமில்லை. மெய்யான விஞ்ஞானத்திலும் பிழையான கருத்துகள் நாள்தோறும் தோன்றுகின்றன. பரீட்சிக்கும் நாள் வந்தபின் திரும்பிப்போய் ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்கின்ற ஒழுக்கம் அங்கே இருக்கிறது. கைத்தொலைபேசியில் அது இல்லை. இரண்டிற்கும் உள்ள பேதம் அதுவே.

அந்த ஒழுக்கத்தை யாழ்ப்பாணம் ஒரு காலத்தில் ஊரறியக் கடைப்பிடித்தது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியின் தலைவராக டானியல் பூவர் இருந்த நாளில், 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம் பற்றி அவருடைய கணக்குக்கும், அயலூராகிய அராலியில் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்துவந்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்குக்கும் வித்தியாசம் கண்டது. கிரகணம் தொடங்கும் நேரத்திலே 15 நிமிட பேதம். அது நீடிக்கும் காலத்திலும் மறையும் அளவிலும் பேதம். எது சரி என்பதை வாதத்தினால் தீர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. குறித்த இரவு வந்தது. சந்திரன் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பூவரின் கணக்கே பொருந்திற்று.

மிஷனரிமார் அவ்வெற்றியைத் தம் மதத்துக்குச் சான்றாக்க முயன்றார்கள். கிரகணம் கால் மணி முந்துவதனாலோ பிந்துவதனாலோ எந்த மதமும் மெய்யாகவோ பொய்யாகவோ ஆகிவிடாது என்பதால், அம்முயற்சி நியாயமானதன்று. சாஸ்திரியாரின் வித்தையும் அற்பமானதன்று. ஏறக்குறைய அதே காலத்தில், 1825இல், புதுச்சேரியிலே ஒரு தமிழ்ப் பஞ்சாங்க கணிதர், எண் ஒன்றும் எழுதாமல், மனனம் செய்த வாய்பாடுகளை மட்டும் துணைக்கொண்டு தரையிலே சோழிகளைப் பரப்பி ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததையும், அதன் தொடக்கத்தை 4 நிமிட வித்தியாசத்தோடு சொன்னதையும் ஜோன் வாரன் என்பார் வியந்து பதிவு செய்திருக்கிறார். பிழை அறிவின் குறைவினால் வந்ததன்று. பழைய வாய்பாட்டை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றியதனால் வந்தது. அவ்வாறு திருத்தும் வழக்கம் மேல்நாட்டாரின் தனிச்சொத்தும் அன்று. கேரளத்து வடசேரிப் பரமேசுவரர் 55 ஆண்டுகள் கிரகணங்களைத் தம் கண்ணாற் பார்த்துக் குறித்து, பழைய கணக்கைத் திருத்தி, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். இன்றும் யாழ்ப்பாணத்து வீடுகளில் வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்கள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. திதி மாறும் நேரம் இரண்டிலும் வேறுபடுவதை அறியாத வீடில்லை. ஆனால் எது வானத்தோடு பொருந்துகிறது என்று முற்றத்தில் இறங்கிப் பார்க்கும் வீடு எத்தனை?

விஞ்ஞானத்தைச் சாதாரண ஜனங்களுக்கு அவர்களுடைய தமிழிலே எடுத்துச் சொல்லும் முயற்சியிலும் இம்மண்ணுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்து, உடற்கூறு முதலிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார். அவ்வழி தொடரப்பட்டிருந்தால், இரவு பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு கலங்கும் ஒரு தாய்க்கு நம்பத்தக்க தமிழ் விளக்கம் உடனே கைக்கெட்டியிருக்கும். இன்று அவள் தேடும்போது முதலிற் கிடைப்பது யாரோ ஒருவர் யூடியூபில் உரத்த குரலிற் பேசிய பத்து நிமிடப் பேச்சு. அவளை மூடநம்பிக்கைக்காரி என்று ஏசுவது எளிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவரும் விஞ்ஞானிகளும் அவளுக்கு விளங்கும் தமிழில், அவள் பார்க்கும் அதே கைத்தொலைபேசியிலே பேச முன்வருவதுதான் கடினம், வேண்டப்படுவதும் அதுவே.

2027 ஆகஸ்ட் 2ஆந் திகதி, ஆடி அமாவாசையை ஒட்டி, மாலை வேளையில் குடாநாட்டில் சூரியனின் ஒரு பகுதி மறையக் காணலாம். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கலாகாது என்று பெரியோர் சொல்வது முற்றிலும் மெய்; தகுந்த கண்ணாடி இல்லாதவர்கள் மாமர நிழலிலே, இலையிடுக்கு வழியாக நிலத்தில் விழும், ஒரு பக்கம் குறைந்த ஒளிப்பொட்டுகளைப் பார்த்தாலே போதும். அதற்கு முன்னரே உலக்கையைப் பற்றியும், உணவைப் பற்றியும், கர்ப்பிணிகளைப் பற்றியும், புதிதாய் வரவிருக்கும் நோயைப் பற்றியும் செய்திகள் உங்களிடம் வந்து சேரும். ஆசிரியர்களையும் பெற்றோரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அச்செய்திகளை அழித்துவிடாதீர்கள், பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுவியுங்கள், இரு பஞ்சாங்கங்களும் கூறும் நேரங்களையும் அருகே குறித்து, கையில் மணிக்கூட்டோடு அன்று வெளியே நில்லுங்கள். எது பொருந்தியது, எது பொய்த்தது என்பதை மறுநாட் காலையில், செய்தி வந்த அதே குழுவிலே, அனுப்பியவர் மனம் நோகாத வார்த்தைகளில் எழுதி அனுப்புங்கள்.