முன்பாரமும் பின்பாரமும்



மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மூட்டைகளை அடுக்கி முடித்ததும் வண்டிக்காரர் உடனே புறப்பட்டுவிட மாட்டார். நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் மாடுகளின் கழுத்து நசுங்கும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, கழுத்துக் கயிறு குரல்வளையை இறுக்கும். எனவே ஒரு மூட்டையை முன்னே தள்ளியோ பின்னே இழுத்தோ சரிசெய்த பிறகே அவர் சாட்டையை எடுப்பார். அவர் பௌதிகம் படித்தவரல்லர். ஆயினும், அமெரிக்க நெடுஞ்சாலைகளில் குடும்பத்தோடு பிரயாணம் செய்வோர் பலர் அறியாதிருக்கும் ஒரு நுட்பம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

நம் குடும்பங்களிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய பிள்ளைகளில் சிலர், கோடை விடுமுறை வந்துவிட்டால் 'டிராவல் டிரெய்லர்' எனப்படும் இழுவை வீட்டைக் காரின் பின்னே பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகின்றனர். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை யாவும் அமைந்த சிறு வீடு அது. ஹலாலான உணவு எங்கே கிடைக்கும் என ஊர் ஊராகத் தேட வேண்டியதில்லை. உளூச் செய்யத் தண்ணீரும் உடனிருக்கும். அந்நாட்டினருக்கு இது பழைய வழக்கம். 1919 ஆம் ஆண்டிலேயே புளோரிடாவின் டாம்பா நகரில் இத்தகைய பிரயாணிகள் கூடிச் சங்கம் அமைத்தனர். வெள்ளிக் குமிழி போன்று மின்னும் 'ஏர்ஸ்ட்ரீம்' வண்டிகளை 1931 இல் வாலி பையாம் என்பவர் தொடங்கிய நிறுவனம் இன்றளவும் செய்துவருகிறது.

என் தமக்கை மகன் டெக்ஸாஸில் வசிக்கிறான். ஏற்றிய நிலையில் 6,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,700 கிலோ எடையுள்ள ஓர் இழுவை வீட்டை வாங்கினான். விற்ற கடையிலேயே கொக்கியையும் பொருத்திக் கொடுத்தனர். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டவன், முதல் நாளே பெரிய சரக்கு லாரியொன்று தன்னைக் கடந்தபோது உறைந்துபோனான். பின்னாலிருந்த வீடு பாம்பின் வால்போல் இடமும் வலமும் ஆடிற்று. கையிலிருந்த ஸ்டியரிங்கோ பிடிமானமின்றி லேசாயிற்று. "மாமா, வண்டி ஓடவில்லை, மிதந்தது" என்று பின்னர் தொலைபேசியில் சொன்னான். இறைவன் காத்தான். அவனிடம் கேட்டும், அது தொடர்பானவற்றைப் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். அங்கே பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இதனை அவர்களுக்குப் படித்துக் காட்டினால் மகிழ்வேன்.

இழுவை வீட்டின் முன்புறம், நம் வண்டியின் ஏர்க்காலைப் போல் ஒரு சட்டம் நீண்டிருக்கும். அதனை அங்கே 'நாக்கு' என்ற பொருளில் அழைக்கின்றனர். அதன் நுனி, காரின் பின்னேயுள்ள இரும்புக் குண்டின்மீது அமர்கிறது. அக்குண்டின் மேல் இறங்கும் எடைதான் நாக்குப் பாரம். அது வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்தால் வண்டி ஆடத் தொடங்கும். எனவே பாரத்தைக் குறைக்கிறேன் என்று சாமான்களைப் பின்கோடியில் அடுக்குவது பெரும் அபாயம். கனமானவற்றைச் சக்கரத்துக்குச் சற்று முன்னே, தரையோடு வைப்பதே முறை.

சரி, நாக்குப் பாரம் 700 பவுண்டு என்றால் காரின்மீது 700 பவுண்டுதானே ஏறும் என்று எண்ணுவீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது! குண்டு பின் அச்சுக்கு மேலே இல்லை. அதற்கும் பின்னே நெடுந்தூரம் தள்ளி இருக்கிறது. பின் அச்சு நெம்புகோலின் தாங்குமுனையாகி, காரின் மூக்கு மேலே தூக்கப்படுகிறது. என் மருமகனின் வண்டியில் இரு அச்சுகளுக்கும் இடையே 130 அங்குலம். பின் அச்சிலிருந்து குண்டுவரை 60 அங்குலம். எடைபோட்டபோது முன் அச்சு 320 பவுண்டை இழந்திருந்தது. பின் அச்சில் 1,020 பவுண்டு கூடியிருந்தது. திருப்புவதும், பிரேக் போடும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் முன் சக்கரங்களே. அவை தரையை இறுகப் பற்றாவிட்டால் ஸ்டியரிங் மிதக்காமல் என் செய்யும்? இரவில் முகப்பு விளக்கும் சாலையை விட்டு எதிரே வருபவரின் கண்ணில் பாயும்.

இக்குறையை நீக்கவே 'வெயிட் டிஸ்டிரிபியூஷன் ஹிட்ச்' எனும் எடைப் பகிர்வுக் கொக்கி உண்டாயிற்று. குண்டைத் தாங்கும் தலைப்பகுதியிலிருந்து இரு ஸ்பிரிங் கம்பிகள் பின்னோக்கி நீளும். அவற்றின் நுனிகளைச் சங்கிலியாலோ தாங்கியாலோ நாக்குச் சட்டத்தோடு இழுத்து மாட்டுவர். கட்டட வேலையில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் இரு பிடிகளையும் தூக்கினால் பாரம் முன் சக்கரத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அவ்வாறே இக்கம்பிகள் காரின் பின்புறத்தைத் தூக்குகின்றன. பின் அச்சிலிருந்த மிகைப்பாரத்தில் ஒரு பங்கு முன் அச்சுக்குத் திரும்புகிறது. மற்றொரு பங்கு இழுவை வீட்டின் சொந்தச் சக்கரங்களுக்குப் போகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இக்கொக்கி பாரத்தைப் பங்கிடுமேயன்றிக் குறைக்காது. கார் இழுக்கக்கூடிய அளவையோ சுமக்கக்கூடிய அளவையோ இது ஓர் அவுன்சுகூட உயர்த்தாது. ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியுள்ள தாளில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடை தகும் என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கணக்கில் நாக்குப் பாரமும், ஏறக்குறைய 100 பவுண்டு வரை கனக்கும் இக்கொக்கியும், பின் இருக்கையில் உறங்கும் பிள்ளைகளும் அடக்கம். பின்புறம் தாழ்கிறதே என்று காற்றுப் பைகளை வைத்து உயர்த்துவோரும் உண்டு. அது பார்வைக்கு வண்டியை மட்டமாக்கும். முன் சக்கரங்கள் இழந்த எடையைத் திருப்பித் தராது. கண்ணை ஏமாற்றும் இத்தகைய பரிகாரங்களை நான் வெறுக்கிறேன்.

வாங்கும்போது கம்பியின் வலுவைப் பாருங்கள். நாக்குப் பாரத்தோடு, காரில் பின் அச்சுக்கும் பின்னே வைக்கும் சாமான்களின் எடையையும் கூட்டி, அதற்குப் பொருந்தும் கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருமகனுக்கு 700 உடன் 80 சேர்ந்து 780. ஆகவே 800 பவுண்டுக் கம்பி போதும். 'இருக்கட்டும், இன்னும் பெரிதாய்' என்று 1,200 பவுண்டுக் கம்பியை மாட்டினால் அது வளையாது. ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் சட்டத்தில் இறங்கும். விளம்பரத் தாளிலுள்ள வெற்று வண்டியின் எடையை நம்பவும் வேண்டாம். தண்ணீர், எரிவாயு உருளை, பாத்திரம், துணி யாவும் ஏற்றிய எடையே எடை. காரின் கையேட்டையும் வாசியுங்கள். சில கார்களுக்கு இக்கொக்கி ஆகாதென்றே தயாரிப்பாளர் எழுதியிருப்பர்.

பொருத்துவதற்குச் சமதரை வேண்டும். பிரயாணத்துக்குரிய சாமான்கள் ஏறியிருக்க வேண்டும். முதலில் இழுவை வீட்டைக் கிடைமட்டமாக நிறுத்தி, அதன் இணைப்பு வாயின் உயரத்தை அளந்து, குண்டை அதனினும் சற்றே உயர்த்தி வையுங்கள்; பாரம் ஏறும்போது கார் தாழும். பூட்டிய பின் வீடு மட்டமாகவோ, மூக்கு இம்மியளவு தாழ்ந்தோ நிற்கலாம். மூக்கு உயர்ந்து நிற்கலாகாது.

பிறகு ஓர் அளவு நாடாவை எடுங்கள். வீட்டைப் பூட்டுமுன், முன் சக்கரத்தின் மேலுள்ள வளைவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் எனக் குறியுங்கள். 36 அங்குலம் என்று கொள்வோம். கம்பிகளை மாட்டாமல் பூட்டி மீண்டும் அளந்தால் 37 அங்குலம். மூக்கு ஓர் அங்குலம் எழும்பியிருக்கிறது. கம்பிகளை மாட்டியபின் அது எவ்வளவு இறங்க வேண்டும்? முழுவதும் 36 க்கு வரவேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் கூறுவர். பாதி, அதாவது 36½ போதும் என்று வேறு சிலர் கூறுவர். உங்கள் காரின் கையேடு சொல்வதே உங்களுக்குச் சட்டம். ஆனால் பழைய உயரத்துக்கும் கீழே இறங்கும்படி இறுக்கிவிடக் கூடாது. பின் சக்கரங்கள் எடை குறைந்து, வளைவில் வண்டியின் பின்புறம் வழுக்கிச் சுழலும்.

போதாவிட்டால் சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைத்து மாட்டலாம், அல்லது வாஷர்களைச் சேர்த்துக் கொக்கியின் தலையைப் பின்னோக்கிச் சாய்க்கலாம். மருமகனின் வண்டியில் கடைக்காரர் சங்கிலியைத் தொங்கவிட்டிருந்தார், அவ்வளவுதான்! கம்பிகள் அலங்காரமாய் இருந்தன.

நாடா சொல்வதைத் தராசு உறுதிசெய்ய வேண்டும். 'கேட் ஸ்கேல்' எனும் லாரி எடைமேடைகள் அமெரிக்க நெடுஞ்சாலையோரங்களில் எங்கும் உள்ளன; ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே காட்டும். கம்பிகளை மாட்டி ஒருமுறை, கழற்றி ஒருமுறை, காரை மட்டும் ஒருமுறை என மூன்று முறை எடைபோடுங்கள். இரண்டாவதில் காரின் இரு அச்சுகளும் சேர்ந்து காட்டும் எடையிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் நாக்குப் பாரம் கிடைத்துவிடும். அவனது கையேடு பாதி என்றே கூறிற்று. திருத்தியமைத்தபின் முன் அச்சின் இழப்பு 160 பவுண்டாகக் குறைந்தது. பின் அச்சில் ஏறியது 780. வீட்டின் சக்கரங்களுக்கு 80 போயிற்று. கூட்டிக் கழித்துப் பாருங்கள், அதே 700 தான்.

ஆட்டத்தைத் தடுப்பது தனி வேலை. எடைப் பகிர்வு மட்டும் அதற்குப் போதாது. உராய்வினால் ஆட்டத்தை அடக்கும் தண்டு தனியாகவும் கிடைக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்யும் கொக்கிகளும் உள்ளன. தனித் தண்டாயின் பின்னோக்கி ஓட்டுமுன் கழற்றிவிட வேண்டும். ஆட்டம் வந்துவிட்டால் காரின் பிரேக்கைப் பதறி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டவும் வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, இழுவை வீட்டின் பிரேக்கை மட்டும் கைவிசையால் அழுத்துங்கள்.

வீட்டைக் கழற்றும் நேரத்தில் பிள்ளைகள் அருகில் நிற்கவேண்டாம். இறுகிய கம்பி திடீரென விடுபட்டால் அதன் பிடி எலும்பை முறிக்கும் வேகத்தில் எகிறும். பூட்டிய நிலையிலேயே நாக்கின் ஜாக்கியால் காரின் பின்புறத்தையும் சேர்த்து உயர்த்துங்கள். கம்பி தானே தளரும், பிறகு கழற்றலாம். மாட்டும்போதும் இதுவே வழி. எத்தனையாவது கண்ணியில் மாட்டினீர்கள், விளிம்பின் உயரம் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி காரிலேயே வைத்திருங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலோ சாமான்களை இடம் மாற்றினாலோ அந்தத் தாளை எடுத்து மறுபடியும் அளந்து பாருங்கள்.