தொழிலாளர் கையின் எண்ணெய்க் கறை

மாலை ஐந்து மணிக்குப் பின்னர்க் காலி வீதி வழியே செல்லும் பஸ் வண்டிகளில் மேற்கம்பியைப் பற்றி நிற்கும் கைகளைச் சற்று உற்று நோக்கினால், அவற்றுக்குரியோர் யாது தொழில் செய்வோர் என்பதை ஓரளவு கூறிவிடலாம். நகக்கண்களிலே கறுத்த பிறை. விரல் மடிப்புகளிலே மை தீட்டினாற் போன்ற கோடுகள். உள்ளங்கை இரேகைகள் யாவும் படம் வரைந்தாற்போலத் தெளிவாகத் தெரியும். இரத்மலானைப் புகையிரத வேலைத்தளத்திலிருந்து வெள்ளவத்தைக்குத் திரும்புபவர், பஞ்சிகாவத்தையிலும் ஆமர் வீதியிலும் மோட்டார் உறுப்புகளைக் கழற்றிப் பூட்டுபவர், துறைமுகத்தில் இயந்திரங்களுக்கு எண்ணெய் இடுபவர் ஆகிய அனைவரும் நாள்தோறும் வீட்டுக்குக் கொண்டு செல்லும் பொருளொன்று உண்டு. அதற்கு ஊதியமும் இல்லை. எளிதில் விடுதலையும் இல்லை. அந்தக் கறையைப் பற்றியே இங்கு ஆராய எண்ணுகின்றேன்.

இது அற்பமான விடயம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் கலியாண வீட்டுப் பந்தியில் சோற்றிலே கை வைக்கக் கூசுபவனுக்கும், கைக்குழந்தையைத் தூக்கு முன் இரண்டு முறை தன் கையைத் திருப்பிப் பார்ப்பவனுக்கும் இஃது அற்பமன்று. அந்தக் கூச்சத்தினாலேயே பலர் மண்ணெண்ணெயையும் பெற்றோலையும் கையிலே ஊற்றிக் கழுவத் துணிகின்றனர். கறை போவதென்னவோ உண்மைதான். ஆனால் அதனோடு வேறொன்றும் போய்விடுகின்றது.

முதலில் இக்கறை யாதென அறிதல் வேண்டும். வயலில் உழைப்பவன் மேனியிற் படியும் சேறு நீர் கண்டவுடன் கரைந்தோடும். வேலைத்தளத்துக் கறையோ நிலத்தடி எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த மசகெண்ணெயும், அதனைத் தடிப்பாக்கிச் செய்த கிறீசும், உராய்வினால் உதிர்ந்த உலோகத் துகளும், எரிபொருள் எரிந்ததால் உண்டான கரியும் ஒன்றாகக் குழைந்த கலவை. எண்ணெய் நீரோடு உறவு கொள்ளாது. கரித்துகளோ எண்ணெயைப் போர்வையாகப் போர்த்துக்கொண்டு தோலின் நுண்ணிய மடிப்புகளுக்குள் ஒளிந்து கிடக்கின்றது. வெறும் நீரை எவ்வளவு ஊற்றினாலும் அது சேம்பிலையில் விழுந்த மழைத்துளிபோல உருண்டோடுமேயன்றி உள்ளே புகாது.

இங்கேதான் சவர்க்காரம் உதவிக்கு வருகின்றது. கொழுப்பையோ எண்ணெயையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினாற் கிடைப்பது சவர்க்காரம். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் இரு குணமுடையது. ஒரு முனை நீரை விரும்பும். நீண்ட வாற்பகுதி எண்ணெயை விரும்பும். வால்கள் எண்ணெய்த் துளிக்குள் புகுந்துகொள்ள, தலைகள் நீரை நோக்கி நிற்க, துளி தோலைவிட்டுப் பெயர்ந்து நீரோடு போய்விடுகின்றது. பகைவர் இருவரிடையே நின்று இருவரையும் பேச வைக்கும் தரகனின் தொழில் இது. நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணைக் கொண்டு துணியின் எண்ணெய்ப்பசையைப் போக்கியபோதும் இதே காரத்தின் வலிமையையே பயன்படுத்தினர். அவர்கள் இதனை இரசாயனம் என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

சவர்க்காரத் தொழிலுக்கு இலங்கை ஏற்ற இடமே. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் விரைவாகவும் மிகுதியாகவும் நுரைக்கும். மற்றைச் சவர்க்காரங்கள் கடல்நீரில் நுரையின்றிப் பிரிந்து நிற்க, தேங்காயெண்ணெயிற் செய்தது உப்பு நீரிலும் நுரைக்குமாதலின் அக்காலத்துக் கப்பலோட்டிகள் அதனையே நாடினர். கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள கிராண்ட்பாசில் லீவர் சகோதரர் நிறுவனம் 1938 ஆம் ஆண்டிற் சவர்க்காரத் தொழிற்சாலை தொடங்கியது. அதன் பின்னர் 'சன்லைட்' கட்டி நம் கிணற்றடிகளிற் குடியேறிய வரலாற்றை யாவரும் அறிவர்.

நீரின் தன்மையும் இதிற் பெரும் பங்குடையது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையினூடே ஊறி வருவதால் வன்னீராகும். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு கூடி வெண்ணிறக் கசடாகிப் படியும், நுரை எழாது. கொழும்பு நகருக்கு 1886 இலிருந்து லபுகம நீர்த்தேக்கத்தின் நீர் குழாய்வழி வரத் தொடங்கியது. மழைக்காட்டில் வீழ்ந்து திரண்ட அந்நீர் மென்னீர். வடக்கிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து குடியேறியவர்கள், "இங்கே சவர்க்காரம் வழுக்கிக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு கழுவினாலும் போகுதில்லை" என்று முறையிடுவதுண்டு. முறைப்பாடு சரியானதே, குற்றம் சவர்க்காரத்தினுடையதன்று.

இனி, கழுவும் முறைக்கு வருவோம். வேலை முடிந்தவுடன் கையைக் குழாயடியில் நீட்டுதலே நம்மவர் வழக்கம். அது முறை மாறிய செயல். நனைந்த தோலின்மேல் நீர்ப்படலம் பரவி, பின் இடும் பொருள் எண்ணெயைச் சென்றடையாதவாறு தடுக்கின்றது. எனவே கை உலர்ந்திருக்கும்போதே, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயையோ சமையலெண்ணெயையோ விட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எங்கும் இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். எண்ணெய்க் கறைக்கு மேலும் எண்ணெயா என்று வியக்க வேண்டாம். எண்ணெயை எண்ணெயே கரைக்கும். இறுகிய கிறீஸ் இளகும். அதிற் பொதிந்த கரி வெளிப்படும். இப்போது பழந்துணியாலோ கழிவுப் பஞ்சினாலோ அழுத்தித் துடைத்தால் கறையின் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிடும். அதன் பின்னரே சவர்க்காரத்தையும் சிறிது நீரையும் இட்டுக் குழைத்து, பிறகு நீரூற்றிக் கழுவுதல் வேண்டும். தேவையாயின் மீண்டும் ஒருமுறை சவர்க்காரம் இடலாம். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிற் பல குடும்பத்தார்க்கு ஒரே குழாய் என்ற நிலையில் வாழ்வோர்க்கு இம்முறையின் அருமை நன்கு விளங்கும். துடைத்தெடுத்த கறைக்கு நீர் வேண்டியதில்லையன்றோ? ஒரு வாளி நீரில் வேலை முடிந்துவிடும்.

தேய்ப்பதற்குச் சொரசொரப்பான பொருள் வேண்டுமெனில் சீனியோ சலித்த மென்மையான மரத்தூளோ போதும். மணலும் செங்கற்பொடியும் கறையைச் சுரண்டுவதோடு தோலையும் சுரண்டும். கீறல்களுக்குள் அடுத்த நாட் கறை இன்னும் ஆழமாக இறங்கும். நகத்தடியில் எஞ்சும் கறுப்புக் கோட்டை ஊசியாற் குத்தி எடுப்பாரும் உளர். அது வேண்டா வேலை. மென்மையான தூரிகை போதுமானது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளர்வதால், நகத்திலேயே ஊறிய நிறம் காலப்போக்கில் வெட்டுண்டு போய்விடும்.

பெற்றோலும் மண்ணெண்ணெயும் செய்யும் கேட்டைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நம் தோலின் மேற்பரப்பிலே இயற்கையான கொழுப்புப் படலம் ஒன்றுண்டு. அதுவே ஈரத்தை உள்ளே காத்து, தீயனவற்றை வெளியே நிறுத்தும் மதில். பெற்றோல் கறைக் கொழுப்பென்றும் காப்புக் கொழுப்பென்றும் வேறுபாடு பாராது. இரண்டையும் வாரிக்கொண்டு போகும். தோல் வெளுத்து, வறண்டு, வெடித்து, பின்னர் அழற்சியாகும். பெற்றோலில் உள்ள பென்சீன் குருதிப் புற்றுநோய்க்குக் காரணமாவது. அதன் ஆவியை நாள்தோறும் முகர்தல் நன்றன்று. இவையெல்லாம் ஒருபுறமிருக்க, பெற்றோல் நாறும் கையோடு சுருட்டுப் பற்றவைப்பவன் எத்தகைய துணிச்சல்காரன்! துணி துவைக்கும் தூளைக் கையிலே கொட்டித் தேய்ப்பதும் ஏறத்தாழ இதே தீங்கையே தரும்.

தேசிக்காயைப் பற்றியும் ஒரு சொல். அதன் புளிப்பு வன்னீரின் சவர்க்காரக் கசடைக் கரைக்கும் என்பது உண்மை. ஆயினும் தேசிச்சாறு, அதிலும் தோலின் சாறு, மேனியிற் பட்ட நிலையில் வெயிலிற் சென்றால், ஓரிரு நாளிற் கொப்புளமும், அது ஆறியபின் பல வாரம் நிலைக்கும் கருமையும் தோன்றலாம். சாற்றிலுள்ள ஒருவகைப் பொருள் சூரிய ஒளியோடு கூடி விளைக்கும் தீங்கு இது. கறை போக்கப் போய்க் கறை வாங்கி வந்த கதையாகும். ஆதலால் தேசிக்காய் இடுவோர் அந்தி சாய்ந்தபின் இட்டு, நன்றாகக் கழுவிவிடுதல் நலம்.

வாகனத்தின் அடியிற் படுத்து வேலை செய்பவர்க்குத் தலைமயிரே பெருந்தொல்லை. ஆனால் இதற்கு வழி நம் பாட்டிமாரிடமே இருந்தது. எண்ணெய் வைத்துத் தோய்தல் என்று நாம் வழங்கும் முறை, எண்ணெயால் அழுக்கை இளக்கி, பின்னர் அரப்பாலோ சீயாக்காயாலோ எண்ணெயை அகற்றும் ஒழுங்கேயன்றி வேறன்று. சீயாக்காயிலும் இலுப்பைப் பிண்ணாக்கிலும் உள்ள சப்போனின் என்னும் பொருள் சவர்க்காரத்தைப் போலவே நுரைத்து எண்ணெயைப் பிரிக்கும். சவர்க்காரக் கட்டியின் காரம் மயிரிழையின் மேற்செதில்களைப் புடைக்கச் செய்து சிக்காக்கும். சீயாக்காய் அவ்வாறு செய்வதில்லை. கிறீஸ் பட்ட மயிரை நனையாத நிலையில் தேங்காயெண்ணெய் தடவிப் பிசைந்து, பழந்துணியால் ஒற்றியெடுத்து, பயற்றம்மாவைத் தூவி மிச்ச எண்ணெயை உறிஞ்சச் செய்து, பிறகு சீயாக்காயோ ஷம்பூவோ இட்டு முழுகினால் போதும். சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் தூய்மையின் பொருட்டு. இதனினும் பாரதூரமான காரணம் ஒன்றுண்டு. 1775 ஆம் ஆண்டில் பெர்சிவல் பொட் என்னும் இலண்டன் சத்திர வைத்தியர், புகைபோக்கி துடைப்போர்க்கு விதைப்பையிலே புற்றுநோய் உண்டாவதைக் கண்டு, அங்கே படிந்து கிடக்கும் புகைக்கரியே அதற்குக் காரணம் என எழுதினார். தொழிலொன்றிலிருந்து புற்றுநோய் பிறப்பதை உலகுக்கு முதன்முதல் உணர்த்திய கூற்று அது. நூறாண்டுக்கு மேல் கழிந்து, 1892 இல், ஹென்றி பட்லின் என்னும் மற்றொரு வைத்தியர் வேறொரு வினாவை எழுப்பினார். ஜெர்மனியிலும் ஒல்லாந்திலும் அதே தொழில் செய்வோர்க்கு இந்நோய் ஏன் அரிது? அவர்கள் உடலை இறுக மூடும் உடை அணிந்தனர். நாள்தோறும் வேலை முடிந்ததும் உடல் முழுவதையும் கழுவினர். கழுவுதல் உயிர்காக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று காண்பது அரிது.

பருத்தியாலைகளின் வரலாறும் இதனையே காட்டும். லங்காஷயர் நூற்பாலைகளில் இயந்திரக் கதிர்களிலிருந்து தெறித்த எண்ணெய் தொழிலாளரின் காற்சட்டையை நனைத்து, ஆண்டுக்கணக்கில் தொடையிடுக்கில் உராய்ந்தது. அவர்களுக்கும் அதே புற்றுநோய் வந்ததை 1922 இல் மான்செஸ்டர் வைத்தியர் இருவர் விரிவாக எடுத்துக்காட்டினர். தீங்கற்ற எண்ணெயையே இயந்திரங்களுக்கு இட வேண்டும் என்ற விதி அங்கே பிறந்தது 1953 இலேதான்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் வெள்ளவத்தையிலும் ஒரு நூற்பு நெசவாலை எழுந்து, தலைமுறைகள் பல அதில் உழைத்தன. இன்று அந்நிலத்தில் ஹவ்லொக் சிற்றியின் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஆலை போயிற்று, எண்ணெய் போகவில்லை. அது மோட்டார் கராச்சுகளுக்கு இடம் மாறியிருக்கின்றது.

நன்கு சுத்திகரிக்கப்பட்ட புதிய மசகெண்ணெய் இக்காலத்திற் பெரிதும் தீங்கற்றது. இயந்திரத்துள் ஓடிக் கறுத்த பழைய எண்ணெயே அஞ்சத்தக்கது. எரிபொருள் எரியும்போது பிறக்கும் புற்றுநோய்ப் பொருள்கள் அதிற் சேர்ந்துவிடுகின்றன. விலங்குகளின் தோலில் அது புற்றுநோய் விளைத்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஒரு நாள் பட்டதனால் நோய் வந்துவிடாது. நாளும் பட்டு, இரவு முழுதும் தோலிலே கிடந்து, மறுநாள் அதே உடையோடு மீண்டும் படுவதுதான் கேடு. எனவே எண்ணெய்த் துணியைக் காற்சட்டைப் பையிற் செருகும் வழக்கத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும். வேலையுடையை வேலைத்தளத்திலேயே களைந்து, வீட்டாரின் துணிகளோடு கலவாது தனியே துவைத்தல் வேண்டும். கையிலோ, முன்னங்கையிலோ, மறைவிடத்திலோ நெடுநாள் ஆறாத புண்ணும் மருப்போன்ற தடிப்பும் தோன்றினால் வெட்கம் பாராது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தொடக்கத்திலே கண்ட தோற்புற்று பெரும்பாலும் குணமாகக் கூடியது.

வேலைக்குப் புறப்படு முன்னரே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. கையிலே சிறிது வசலின் தடவி, நகங்களால் ஈரச் சவர்க்காரக் கட்டியைச் சுரண்டி நகத்தடியை நிரப்பிக்கொண்டால், கறை புகுதற்கு இடமிராது. மாலையிற் கழுவும்போது அச்சவர்க்காரமே கரைந்து வெளிவரும். பழைய எண்ணெயைக் கையாளும்போது மெல்லிய இறப்பர்க் கையுறை அணிதல் இன்னும் சிறந்தது. வேலை முடிந்து கழுவிய பின்னும் ஒரு துளி தேங்காயெண்ணெய், இழந்த காப்புப் படலத்துக்கு ஈடாக.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளர் கழுவுதற்குப் போதிய வசதி அமைத்துக் கொடுத்தலை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. பெரிய தொழிற்சாலைகளில் இது ஓரளவு நடைபெறுகின்றது. இரண்டு மூன்று பேர் உழைக்கும் சிறு கராச்சுகளிலோ குழாய், பழைய ரயர்க் குவியலுக்கு அப்பால், கார் கழுவுதற்கென வைத்த ஒன்றாகவே இருக்கக் காண்கின்றோம். அதனருகே ஒரு சவர்க்காரக் கட்டியும், போத்தலில் நாலு அவுன்சு தேங்காயெண்ணெயும், சுத்தமான துவாய் ஒன்றும் வைப்பதற்குப் பெருஞ்செலவாகாது. தேநீர் குடிக்கும் வாங்கு அந்தக் குழாய்க்கு அப்பால் இருக்குமாறு போட்டுவிட்டால், கை கழுவாது எவரும் அதில் உட்காரார்.