தரங்கம்பாடி வண்ணத்துப்பூச்சிக்குக் கோபன்ஹேகனில் 'தாய்ப் பத்திரம்'!

(நமது கோவண்டி நிருபர்)

கோவண்டி, செம்பூர் பகுதிகளில் நம்மவர் வீட்டு வாசலில் எது இல்லாவிட்டாலும் பழைய பெயிண்ட் டப்பாவில் ஒரு கருவேப்பிலைச் செடி இருக்கும். அதில் முட்டையிட வரும் கருப்பு வண்ணத்துப்பூச்சியைப் பார்க்காதவர் குறைவு. பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள்.

அதே அச்சில் இன்னொரு பூச்சியும் உண்டு. அது வேறு இனம். ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று வளர்வது. கொடியின் நஞ்சு உடம்பில் ஏறியிருப்பதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கருவேப்பிலைக்கு வருபவளுக்கு நஞ்சு கிடையாது. அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டே பிழைக்கிறாள்! உடம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அசலுக்கு உடம்பு சிவப்பு, வேஷக்காரிக்குக் கருப்பு.

இந்த வேஷம் பறவையை மட்டுமா ஏமாற்றியது? 1758ல் ஸ்வீடன் நாட்டு மேதை லின்னேயஸ், கருவேப்பிலைப் பூச்சியில் ஆணுக்கு ஒரு பெயரும், வேஷமிட்ட பெண்ணுக்கு வேறொரு பெயரும் வைத்துவிட்டார். இரண்டும் ஒரே இனம், புருஷனும் பெண்சாதியும்தான் என்பது பிறகே தெரிந்தது.

இம்மாதிரி வழக்குகளைத் தீர்ப்பது 'மூல மாதிரி'. ஆங்கிலத்தில் 'டைப்' என்பார்கள். ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தவர் எந்தப் பூச்சியைப் பார்த்து வைத்தாரோ, அதையே ஊசி குத்தி, பெரும்பாலும் சிவப்புச் சீட்டுடன், பெட்டியில் பாதுகாக்கிறார்கள். நிலத் தகராறு வந்தால் தாய்ப் பத்திரத்தைத் தேடுகிறோம் அல்லவா, அது போலத்தான். ஆபீசில் நகல் ஆயிரம் எடுக்கலாம். அசல் ஒன்றுதான்.

தமிழ்நாட்டுப் பூச்சிகள் பலவற்றின் தாய்ப் பத்திரம் எங்கே இருக்கிறது?

அதற்குத் தரங்கம்பாடிக்குப் போக வேண்டும். டேனிஷ்காரர் வசம் இருந்த அவ்வூருக்கு 1768ல் மிஷன் டாக்டராக வந்தவர் கோனிக். லின்னேயஸின் மாணவர். வைத்தியத்தோடு செடி, பூச்சி எல்லாம் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1771ல் லின்னேயஸ் நம் கருவேப்பிலைக்கே இவர் பெயரை வைத்தார். நாம் தினமும் தாளிப்பது, சாஸ்திரப்படி கோனிக்கின் இலை!

கோனிக் அனுப்பிய பூச்சிகள் பலவற்றை ஆராய்ந்தவர் அதே குருவின் மற்றொரு சீடர் பாப்ரிசியஸ். (தமிழ் அகராதி செய்த பாதிரியார் பாப்ரிசியஸ் வேறு, இவர் வேறு.) மேலே சொன்ன ஈஸ்வரமூலிப் பூச்சிக்கு 1775ல் பெயரிட்டவர் இவரே. தமிழ்நாடு அரசு 2019ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த 'தமிழ் மறவ'னுக்கு 1787ல் பெயர் சூட்டியவரும் இவரே. கீல் நகரில் அவர் வைத்திருந்த சேகரிப்பு இன்று கோபன்ஹேகன் மியூசியத்தில் இருக்கிறது. கோனிக் ஊர் திரும்பவில்லை. 1785ல் ஆந்திரக் கரையில் காலமானார்.

வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று கோபப்படுபவர்கள் உண்டு. கோபம் நியாயம்தான். ஆனால் 200 வருஷத்துக்கு மேல் ஒரு பூச்சியின் சிறகு உதிராமல் காப்பது லேசான வேலையல்ல. ஈரம் பட்டால் பூஞ்சணம், அசந்தால் பெட்டிக்குள்ளேயே சிறுவண்டு புகுந்து பொடியாக்கிவிடும். தீ இன்னும் மோசம். 2016ல் டெல்லி தேசிய இயற்கை வரலாற்று மியூசியம் எரிந்தது. 2018ல் பிரேசிலின் ரியோ நகர மியூசியம் எரிந்தபோது லட்சக்கணக்கான பூச்சிகள் சாம்பலாயின. மூல மாதிரிகளும் அதில் போயின.

நம் பம்பாயிலும் இப்பணி பழசு. 1883ல் எட்டுப் பேர் சேர்ந்து தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், கோட்டைப் பகுதியில் லயன் கேட் எதிரே ஹார்ன்பில் ஹவுஸில் இருக்கிறது. பறவை, மிருகம், பூச்சி என லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் அங்கே உண்டு. கோவண்டியில் ஹார்பர் வண்டி ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

2002ல் வந்த உயிர்ப் பன்மைச் சட்டப்படி, இங்கே புது இனம் எதைக் கண்டுபிடித்தாலும் அதன் மாதிரியை அரசு குறித்த இந்தியக் காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். 1916ல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அத்தகைய காப்பகங்களில் ஒன்று. இனி பிறக்கும் பெயர்களுக்குத் தாய்ப் பத்திரம் நம் நாட்டிலேயே இருக்கும். பாப்ரிசியஸின் பெட்டிகள் மட்டும் கோபன்ஹேகனில்தான்.