ஜேன் ஆஸ்டின் நாவல்கள்: இருநூறு ஆண்டாகியும் வாடாத காரணம்

நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பம். அக்குடும்பத்தில் மணமாகாத பெண்கள். அண்டையிலுள்ள மாளிகைக்கு வந்து சேரும் செல்வந்தனான இளைஞன். ஒரு நடன விருந்து, இரண்டொரு கடிதங்கள், சில மனக்கசப்புகள், முடிவில் திருமணம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் கையாண்ட கதைப்பொருள் ஏறக்குறைய இவ்வளவே. போர்க்களம் இல்லை, கொலை இல்லை, அரசவைச் சூழ்ச்சி இல்லை. ஆயினும், அவர் மறைந்து இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்நாவல்கள் விற்பனையாகின்றன, பாடமாகின்றன, திரைப்படங்களாகின்றன. இத்துணைச் சிறிய கதைப்பொருளுக்கு இத்துணை நீண்ட ஆயுள் வாய்த்தது எவ்வாறு?

காதல் எக்காலத்தும் இனிக்கும் என்று விடை கூறுவர் சிலர். அது பாதி உண்மையே. அக்காலத்தில் காதற்கதை எழுதியோர் பலர். அவருள் பெரும்பாலோரை இன்று ஆராய்ச்சியாளர் அன்றிப் பிறர் அறியார். ஆஸ்டினின் கதைகளிலோ காதலுக்குப் பின்னால் பிழைப்பு நிற்கிறது. மணக்கக் கேட்டு வந்தவனிடம் 'சரி' என்பதா, 'மாட்டேன்' என்பதா என ஒரு பெண் முடிவு செய்யும் வேளையில், அவளுடைய எதிர்காலம் முழுவதும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. அந்த வேளையே அவருடைய நாவல்களின் உயிர்நாடி எனலாம்.

பெண்ணும் பிழைப்பும்

அக்கால இங்கிலாந்தில் நடுத்தர வகுப்புப் பெண்ணுக்கு வாழ வழிகள் எவை? பல்கலைக் கழகக் கல்வி இல்லை. வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ ஆவதற்கு இடமில்லை. செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். உடன்பிறந்தார் ஆதரவில் ஒதுங்கி வாழலாம். இல்லையேல் மணம் செய்துகொள்ளலாம். மணம் செய்துகொண்டாலோ, பொதுச் சட்டப்படி மனைவியின் கைப்பணமும் உழைப்பூதியமும் கணவனுக்கே உரியவை. மணமான பெண் தன் சொத்தைத் தானே ஆளும் உரிமையை முழு அளவில் தந்தது 1882ஆம் ஆண்டுச் சட்டமே.

இந்நிலையை ஆஸ்டின் நூலில் படித்து அறியவில்லை. தம் குடும்பத்திலேயே கண்டார். அவருடைய அத்தை பிலடெல்பியா பெற்றோரை இழந்தவர். சீர் கொடுக்க வழியற்றவர். 1752இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டே கடலூரில், ஆங்கில வணிகக் கும்பினியின் அறுவை மருத்துவரான ஹேன்காக் என்பவரை மணந்தார். கணவன் தேடிக் கடல் கடந்த இத்தகைய பயணத்தை, ஆஸ்டின் இளமையில் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட 'கேதரின்' என்ற கதையில் காணலாம். அதில் வறிய பெண்ணொருத்தி வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு, அன்பில்லாத மணத்தில் சிக்குகிறாள்.

ஆஸ்டின் 1775இல் ஹாம்ப்ஷயரிலுள்ள ஸ்டீவென்டனில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தார். 1802இல், பெரிய பண்ணை மாளிகைக்கு வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் அவரை மணக்கக் கேட்டார். மாலையில் இசைந்த ஆஸ்டின், மறுநாள் காலையில் மறுத்துவிட்டார். மூன்றாண்டுகளுக்குள் தந்தையார் மறைந்தார். தாயும் இரு பெண்மக்களும் ஆடவர் நால்வர் ஐவரின் உதவியை நம்பி வாழ நேர்ந்தது. மறுப்பின் விலை இன்னதென்று அவர் அறிவார்.

கணக்கும் காதலும்

1813இல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' அவருடைய நாவல்களுள் புகழ் மிக்கது. 'செருக்கும் தப்பெண்ணமும்' என அப்பெயரைத் தமிழாக்கலாம். அதில் பென்னட் என்பவரின் வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுன். அவருக்குப் பெண்மக்கள் ஐவர், ஆண்பிள்ளை இல்லை. எனவே, அவர் காலத்துக்குப் பின் நிலமும் வீடும் காலின்ஸ் என்ற உறவினனைச் சேரும். இந்தக் காலின்ஸ் இரண்டாம் மகள் எலிசபெத்தை மணக்கக் கேட்கிறான். அவளுக்கு வரக்கூடியது நூற்றுக்கு நான்கு வட்டியில் 1,000 பவுன் மட்டுமே என்பதையும் அப்போதே நினைவூட்டுகிறான். ஆண்டுக்கு 40 பவுன்! ஆயினும் அவள் மறுக்கிறாள்.

அதே காலின்ஸை எலிசபெத்தின் தோழி சார்லட் ஏற்றுக்கொள்கிறாள். அவளுக்கு வயது 27. அழகோ பணமோ இல்லை. வேண்டுவது ஒரு வீடு. ஆசிரியை அவளைப் பழிக்கவும் இல்லை, போற்றவும் இல்லை. கணவனின் பேச்சு காதில் விழாத அறையாகத் தேர்ந்து அவள் பொழுது போக்குவதை மட்டும் காட்டி நகர்கிறார். ஒரு வாழ்க்கையின் துயரம் அச்சிறு செய்தியில் அடங்கிவிடுகிறது. பின்னர், ஆண்டுக்கு 10,000 பவுன் வருமானமுள்ள டார்சியும் எலிசபெத்தை மணக்கக் கேட்கிறான். உயர்ந்தவன் தாழ்ந்தவளுக்கு இரங்குவது போன்ற பேச்சு அது. அவனையும் மறுக்கிறாள்! அம்மறுப்பே டார்சியின் செருக்கைக் கரைக்கிறது. அவன் எழுதும் கடிதமோ எலிசபெத்தின் தப்பெண்ணத்தைக் கரைக்கிறது. இருவரும் மாறிய பின்னரே மணம் கூடுகிறது.

மற்ற நாவல்களிலும் இவ்விழை ஓடுகிறது. 'மான்ஸ்பீல்டு பார்க்'கில் பெரியம்மா வீட்டில் அண்டி வளரும் ஃபேனி, செல்வனொருவனை மறுக்கிறாள். வறுமை இன்னதென்று உணரட்டும் என்று அவளைப் பெற்றோர் வீட்டுக்கே அனுப்புகிறார் வளர்த்தவர். 'பெர்சுவேஷ'னில் ஆனி, பெரியோர் அறிவுரைக்கு இணங்கி 19 வயதில் காதலனைக் கைவிட்டு, எட்டாண்டுகள் ஏங்குகிறாள். மறுக்க வேண்டியதை மறுப்பதும், மறுக்கலாகாததை மறுத்து வருந்துவதும் ஒரே எழுத்தாளரிடம் இடம்பெறுவது நோக்கத்தக்கது.

எழுத்தின் நுட்பம்

பொருள் மட்டும் நூலை வாழ்விக்காது. கதை சொல்லும் குரல் சற்றே நழுவிக் கதைமாந்தரின் மனக்குரலாக மாறும் உத்தியை ஆஸ்டின் தேர்ச்சியுடன் கையாண்டார். 'என்று எண்ணினாள்' என்ற குறிப்பின்றியே அவள் எண்ணம் நம் எண்ணமாகிவிடுகிறது. 1815 இறுதியில் வெளிவந்த 'எம்மா'வில் இதன் ஆற்றலைக் காணலாம். எல்டன் என்னும் பாதிரியார் தன் தோழி ஹேரியட்டை விரும்புவதாக எம்மா நம்புகிறாள்; படிப்பவரும் நம்புகின்றனர். அவன் நாடியதோ எம்மாவையே! மீண்டும் படித்தால், அதற்கான சான்றெல்லாம் முன்பே கண்முன் கிடந்தமை புலனாகும். பிறரை எடைபோடுவதில் நாம் எளிதில் ஏமாறுவோம் என்பதை அறிவுரையாகக் கூறாமல், நம்மையே ஏமாறச் செய்து உணர்த்துகிறார்.

புகழின் வரலாறு

அவர் வாழ்நாளில் எந்த நாவலிலும் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பதிப்புரிமைக்குக் கிடைத்தது 110 பவுன். 1817இல், 41ஆம் வயதில் அவர் காலமானார். வால்டர் ஸ்காட் அவரைப் பாராட்டினார். சார்லட் பிரான்டியோ அவர் எழுத்தில் உணர்ச்சி வேகம் இல்லையென்று குறை கூறினார். இரு கருத்தையும் கடந்து நாவல்கள் நின்றன. 2017இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து 10 பவுன் தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. பணத்தின் வலிமையை அவ்வளவு கூர்ந்து எழுதியவருக்கு அது பொருத்தமான சிறப்பே.

'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' நாவலைத் தழுவி 2000இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்ற தமிழ்த் திரைப்படம் வந்தது. ஊர் மாறியது, உடை மாறியது, பாட்டும் சேர்ந்தது. ஆனால், சொத்துக் கைவிட்டுப் போக, வீடிழந்து வெளியேறும் சகோதரிகளின் நிலை மாறவில்லை. அதை மாற்றினால் கதையே இல்லை.

சட்டங்கள் இன்று திருந்திவிட்டன. பெண் தன் உழைப்பால் வாழ வழிகள் பல பிறந்துள்ளன. ஆயினும், வருமானம் என்ன, வீடு உண்டா, குடும்பம் எத்தகையது என்ற கேள்விகள் திருமணப் பேச்சிலிருந்து நீங்கிவிட்டனவா? அவை நீங்காத வரையில், 40 பவுன் வட்டியை மட்டும் நம்பி நின்றும் இரு முறை 'மாட்டேன்' என்று சொன்ன எலிசபெத்தின் துணிவு பழங்கதையாகிவிடாது.