உங்களுக்குத் தெரியுமா? பூனை பேசிய அரசியல்
விக்டோரியா காலத்து லண்டனில் பூனைகளுக்கு மனித வேடமிட்டுச் சமூகத்தைக் கிண்டலடித்தார் ஓவியர் லூயி வெயின். ஆனால், பூனையைக் காட்டிப் பெரிய மனிதர்களைக் கேலி செய்வது இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கமல்ல. மாமல்லபுரத்தின் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பத் தொகுதியில், முன்கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது ஒரு பூனை, அருகே எலிகள். வெறும் அலங்காரம்தானே என்பார்கள். அப்படியானால் எலிகளுக்கு அங்கே என்ன வேலை? எலிகளை ஏமாற்றத் தவசி வேடமிட்ட போலித் துறவி அந்தப் பூனை. சரி, போலித் துறவிக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கலாம். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், தவசி வேடத்தில் எலிகளைத் தின்ற பூனைக்கதையைத் தூதன் வழியே சொல்லியனுப்பித்தான் தருமரைப் பழிக்கிறான் துரியோதனன். 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் காளிகாட் ஓவியர்களோ, திலகமிட்ட பூனையின் வாயில் இறாலை வைத்துப் போலிப் பக்தர்களைச் சாடினார்கள். பூனைக் கேலியில் லண்டனுக்கு மூத்தவர்கள் நாமே.